ஊதா பாக்டீரியா: சேற்றில் சாதாரணம், உடம்பில் அபூர்வம்

குரோமோபாக்டீரியம் வயோலேசியம் என்ற பெயர் வாயில் நுழையாது. அதனால் 'ஊதா பாக்டீரியா' என்று சுருக்கிச் சொல்லிவிடுகிறார்கள். அதைப் பற்றிப் படிக்கிறவர்களுக்கு மூன்று தகவல்கள் ஒன்றாக வந்து சேர்கின்றன.

1. வெப்ப நாடுகளின் மண்ணிலும் தண்ணீரிலும் சாதாரணமாக வாழும் கிருமி இது.
2. இது மனிதரைத் தொற்றுவது மிக மிக அபூர்வம்.
3. தொற்றியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் பிழைப்பதில்லை.

ஒவ்வொன்றும் தனித்தனியாகப் புரிகிறது. சேர்த்துப் படித்தால்தான் இடிக்கிறது. சேற்றில் சாதாரணமாக இருக்கிறது என்றால், கோபிச்செட்டிபாளையத்தில் நாற்று நடுகிறவர்களும், காலிங்கராயன் வாய்க்காலில் குளிக்கிறவர்களும், மஞ்சள் காட்டுக்குத் தண்ணீர் கட்டுகிறவர்களும் இதற்குள் வரிசையாக ஆஸ்பத்திரியில் படுத்திருக்க வேண்டுமே? அப்படி எதுவும் நடக்கவில்லை. சரி, அவ்வளவு பலவீனமான கிருமி என்றால், வந்தவர்களில் பாதிப் பேர் ஏன் போகிறார்கள்?

'அரிது' என்ற சொல்லை 'இங்கே இல்லை' என்றோ 'பலமில்லாதது' என்றோ எடுத்துக்கொள்வதால் வரும் குழப்பம் இது. இந்தக் கிருமி அரிதாக இருப்பதற்குக் காரணம் வேறு. நம் உடம்பு அதை வாசலிலேயே பிடித்துவிடுகிறது. எப்படிப் பிடிக்கிறது, எப்போது கோட்டை விடுகிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

முதலில் கிருமியைப் பார்ப்போம்

கோல் வடிவப் பாக்டீரியா. நீந்துவதற்கு வால் போன்ற இழை உண்டு. காற்று இருந்தாலும் வளரும், இல்லாவிட்டாலும் சமாளிக்கும். மனிதரோ மாடோ அதற்குத் தேவையில்லை. மட்கும் பொருள்களைத் தின்று மண்ணிலும் ஓடை, குட்டை, ஆற்று நீரிலும் பிழைத்துக்கொள்ளும். அமேசான் காட்டில் ஓடும் ரியோ நீக்ரோ ஆற்றில் இது ஏராளமாக இருக்கிறது. இதன் மரபணுத் தொகுதி முழுவதையும் 2003-இல் படித்து வெளியிட்டவர்கள் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் என்பதில் வியப்பில்லை.

நோய்க்கிருமி என்ற வகையில் இதன் வரலாறு சின்னது. 1905-இல் பிலிப்பைன்ஸ் நாட்டு எருமைகளைக் கொன்றதாக முதல் பதிவு. 1927-இல் மலேசியாவில் முதல் மனித நோயாளி. அதற்குப் பிறகு இந்த நூறு ஆண்டுகளில் உலகம் முழுக்க மருத்துவ இதழ்களில் பதிவானவை சில நூறு நேர்வுகளுக்குள்தான் இருக்கும். தென்கிழக்கு ஆசியா, பிரேசில், ஆஸ்திரேலியாவின் வடபகுதி, அமெரிக்காவின் புளோரிடா என்று சூடும் ஈரமும் சேர்ந்த இடங்களிலிருந்தே பெரும்பாலும் வந்தவை. தென்னிந்தியாவிலிருந்தும் பதிவுகள் உண்டு.

ஊதா நிறத்துக்குக் காரணம் வயோலசின் என்ற நிறமி. டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்திலிருந்து கிருமியே தயாரித்துக்கொள்வது. தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். தனியாக ஒரு கிருமி இருக்கும்போது இந்த நிறமியைத் தயாரிப்பதில்லை. ஒவ்வொரு கிருமியும் ஒரு சின்ன வேதிப்பொருளை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அக்கம்பக்கத்தில் ஆள் சேரச் சேர அந்தப் பொருளின் அடர்த்தி கூடும். ஓரளவைத் தாண்டியதும் எல்லாம் ஒரே சமயத்தில் ஊதா நிறமியைச் சுரக்கத் தொடங்கும். வடம் பிடிக்கப் போதுமான ஆள் சேர்ந்த பிறகுதானே தேர் நகர்கிறது, அந்த மாதிரி. பாக்டீரியாக்கள் தங்களுக்குள் 'பேசிக்கொள்வதை' ஆராய்கிறவர்களுக்கு இந்தக் கிருமி செல்லப்பிள்ளை ஆனதற்கு இதுதான் காரணம். பேச்சு நடக்கிறதா இல்லையா என்று ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் தட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: ஊதா என்றால் நடக்கிறது, வெள்ளை என்றால் நடக்கவில்லை.

அந்த நிறமி மற்ற சில பாக்டீரியாக்களைக் கொல்லும். மண்ணில் இடப் போட்டி கடுமையானது. அதற்கான ஆயுதம் அது. நம்மை நினைத்துச் செய்துகொண்டது இல்லை.

கொங்கு மண்ணில் எங்கே இருக்க வாய்ப்பு?

இங்கே 'மண்' என்று பொதுவாகச் சொன்னால் போதாது. கொங்கு நாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதி. ஒரே தாலுகாவில் பத்து மைலுக்குள் ஈர வயலும் வறண்ட கொறங்காடும் (மேய்ச்சல் காடு) இருக்கும். இந்தக் கிருமிக்கு இரண்டும் ஒன்றல்ல.

இதனால் வித்து போட முடியாது. அதாவது, கெட்டியான ஓட்டுக்குள் ஒடுங்கி வறட்சியைத் தாண்டும் திறமை கிடையாது. டெட்டனஸ் கிருமிக்கு அது உண்டு. அதனால்தான் காய்ந்த சாணிப் புழுதியிலும் அது வருடக்கணக்கில் காத்திருக்கிறது. ஊதாக் கிருமிக்கு ஈரமும் வெதுவெதுப்பும் வேண்டும். ஏறத்தாழ 20 முதல் 37 டிகிரி செல்சியஸ் வரை நன்றாக வளரும், குளிர் ஆகாது.

இதை வைத்துப் பார்த்தால் காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டில் வெள்வேல முள் குத்தினால் கவலைப்பட வேண்டியது டெட்டனஸைப் பற்றி. நீலகிரியின் உச்சிக் குளிரும் ஊதாக் கிருமிக்கு உகந்த இடமில்லை. அதற்கு ஏற்றது மெதுவாக ஓடும் அல்லது தேங்கிய நன்னீர், அதன் கரைச் சேறு, தண்ணீர் நிற்கும் நெல் வயல். பவானிசாகரிலிருந்து கீழ்பவானி வாய்க்கால் வழியாக 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்குத் தண்ணீர் போகிறது. தடப்பள்ளி, அரக்கன்கோட்டை, காலிங்கராயன் பாசனங்கள் தனி. ஆக, கொங்கு நாட்டின் பெரும்பகுதி வறண்ட பூமி என்றாலும், வாய்க்கால் தண்ணீர் போகிற இடமெல்லாம் இந்த மாதிரி ஈரநிலக் கிருமிகளுக்கு வாழ்விடம்தான். ஒரு குறிப்பிட்ட வாய்க்காலில் இது இருக்கிறதா என்பதை அந்தச் சேற்றை எடுத்து வளர்த்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இருந்தாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்பதே சரியான மனநிலை.

ஏன் அபூர்வம்? விடை நம் செல்லுக்குள் இருக்கிறது

கட்டுரையின் மையமே இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சேற்றில் நடக்கிறவருக்குக் காலில் கீறல் இல்லாத நாள் உண்டா? ஆக, கிருமி உடம்புக்குள் நுழையும் வாய்ப்பு அடிக்கடி வருகிறது. நுழைந்த பின் நடப்பதுதான் முக்கியம்.

1. இந்தக் கிருமியிடம் ஓர் ஊசி இருக்கிறது. நுண்ணுயிரியலில் 'டைப் 3 சுரப்பு அமைப்பு' என்பார்கள். நம் செல்லின் மேற்சவ்வைத் துளைத்து, தன் புரதங்களை உள்ளே ஏற்றும் நுண்ணிய சிரிஞ்சு. செல்லை உள்ளிருந்தே தன் வசப்படுத்துவதற்கான ஆயுதம். டைபாய்டு கிருமியின் குடும்பமான சால்மோனெல்லாவிடமும் இதே மாதிரி ஊசி உண்டு.

2. நம் செல்களுக்குள் ஒரு காவல்காரன் இருக்கிறான். என்.எல்.ஆர்.சி.4 என்பது அந்தப் புரதத்தின் பெயர். ஊசியின் பாகங்கள் செல்லுக்குள் தட்டுப்பட்ட மறுகணம் அபாயச் சங்கு ஊதிவிடும்.

3. சங்கு ஊதியதும் கேஸ்பேஸ்-1 என்ற நொதி விழித்துக்கொள்ளும். அது செல்லையே வெடித்துச் சாக வைக்கும். கேட்கக் கொடூரமாக இருக்கும். ஆனால் திருடன் நுழைந்த வீட்டின் கூரையைப் பிரித்துவிட்டால் அவன் எங்கே ஒளிவான்? கிருமி வெட்டவெளிக்கு வந்துவிடுகிறது.

4. வெளியே நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்கள் தயாராக நிற்கின்றன. அவை கிருமியை விழுங்கி, ஆக்சிஜனிலிருந்து தயாரித்த நச்சுப் பொருள்களை அதன் மேல் கொட்டிக் கொன்றுவிடுகின்றன.

சால்மோனெல்லா இந்தக் காவலை ஏமாற்றும். உடம்புக்குள் போனதும் மாட்டிவிடக்கூடிய பாகங்களை மறைத்துக்கொள்ளும். விலங்குகளின் உடம்பில் காலம் காலமாக வாழ்ந்து பழகிக் கற்ற தந்திரம். ஊதாக் கிருமிக்கு அந்தப் பழக்கம் இல்லை. அது சேற்றுக்காரன். ஆயுதத்தை வெளியே தெரியும்படி தூக்கிக்கொண்டே உள்ளே நுழைகிறது, நுழைந்ததும் மாட்டுகிறது.

எலிகளை வைத்துச் செய்த சோதனைகள் இதைத் தெளிவாகக் காட்டின. சாதாரண எலிகள் இந்தக் கிருமியைப் பெரிய அளவில் ஏற்றினாலும் சமாளித்தன. என்.எல்.ஆர்.சி.4 அல்லது கேஸ்பேஸ்-1 இல்லாமல் பிறந்த எலிகள் மிகச் சிறு எண்ணிக்கைக் கிருமிகளுக்கே இறந்துபோயின. கிருமி அதேதான், மாறியது காவல் மட்டும். பலம் இல்லாத கிருமி என்று இதைச் சொல்ல முடியாததும் இதனால்தான்.

வேலி எங்கே உடைகிறது?

மேலே சொன்ன நான்காம் படி சிலருக்குப் பிறவியிலேயே வேலை செய்யாது. வெள்ளணு கிருமியை விழுங்கும். ஆனால் ஆக்சிஜன் நஞ்சைத் தயாரிக்கும் நொதி இருக்காது. விழுங்கப்பட்ட கிருமி உயிரோடு இருக்கும். இதற்கு 'க்ரானிக் கிரானுலோமேட்டஸ் டிசீஸ்' என்று பெயர். ஏறத்தாழ இரண்டு லட்சம் முதல் இரண்டரை லட்சம் பிறப்புகளுக்கு ஒன்று என்ற கணக்கில் வரும் குறை. ஊதாக் கிருமிக்கும் இந்தக் குறைக்கும் உள்ள தொடர்பை 1982-இலேயே அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதி நோயாளிகளை வைத்து எழுதிவிட்டார்கள். கடுமையான ஜி6பிடி நொதிக் குறைபாடும் இதே நஞ்சுத் தயாரிப்பைப் பாதிக்கும்.

முதலில் சொன்ன அந்தப் பிறவிக் குறை இரண்டு வழிகளில் வரும்.

1. தாயின் எக்ஸ் குரோமோசோம் வழியாக ஆண் பிள்ளைகளுக்கு. இதில் கல்யாணம் சொந்தத்திலா வெளியிலா என்பது பொருட்டே இல்லை.
2. அம்மா அப்பா இருவரிடமும் ஒரே பழுதான மரபணு மறைவாக இருந்து, பிள்ளைக்கு இரண்டும் சேரும்போது. சொந்தத்தில் கல்யாணம் செய்யும் சமூகங்களில் இந்த வகையின் பங்கு கூடுதல்.

கொங்குப் பகுதியில் இரண்டாவதைப் பற்றிப் பேசும்போது 'நாங்கள் ஒரே கூட்டத்தில் (அப்பா வழிக் குலத்தில்) பெண் எடுப்பதில்லையே' என்ற பதில் வருவதுண்டு. கூட்டக் கணக்கு அப்பா வழியை மட்டும்தான் விலக்குகிறது. தாய்மாமன் மகளும் அத்தை மகளும் வேறு கூட்டம்; ஆனால் மரபணுக் கணக்கில் நெருங்கிய இரத்தம்தான். குலமுறையும் மரபியலும் வேறு வேறு பேரேடுகள். ஒன்றில் கணக்கு சரியாக இருப்பதால் மற்றதில் சரியாகிவிடாது.

அதே சமயம் ஒன்றை மறைக்கக் கூடாது. பதிவான நோயாளிகளில் எந்தக் குறையும் இல்லாத, ஓடியாடிக்கொண்டிருந்த ஆட்களும் நிறையப் பேர். ஆழமான காயம், ஏராளமான கிருமி, தண்ணீரில் மூழ்கி நுரையீரலுக்குள் சேறு போவது, தாமதமான சிகிச்சை என்று ஏதோ ஒன்று அவர்கள் விஷயத்தில் தராசைச் சாய்த்திருக்கலாம். 'எனக்கு எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கிறது' என்பது உத்தரவாதப் பத்திரம் ஆகாது.

பாதிப் பேர் இறக்கிறார்கள் என்ற கணக்கு

2011-இல் வந்த ஒரு தொகுப்பு, அதுவரை பதிவான 106 நோயாளிகளைக் கணக்கெடுத்து, 53 சதவீதம் பேர் இறந்ததாகச் சொன்னது. 'பாதிப் பேர்' என்று சொல்வது இந்த மாதிரிக் கணக்குகளை வைத்துத்தான்.

எண் பொய்யில்லை. ஆனால் அது எதன் சதவீதம் என்று கேட்க வேண்டும். ஒரு நோயாளியைப் பற்றி மருத்துவ இதழில் எழுத வேண்டுமானால் முதலில் கல்ச்சர் (சீழையோ இரத்தத்தையோ ஆய்வகத்தில் வைத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) செய்திருக்க வேண்டும், கிருமி வளர்ந்திருக்க வேண்டும், மருத்துவருக்கு எழுதத் தோன்றியிருக்க வேண்டும். காலில் ஒரு கொப்புளம் வந்து, தானாகவே ஆறிப்போனவருக்கு யார் கல்ச்சர் செய்தார்கள்? இலேசாக வந்துபோனவை எல்லாம் கணக்குக்கு வெளியே; கடுமையானவை மட்டும் உள்ளே. ஆகவே 'இரத்தத்தில் பரவும் அளவுக்குப் போய், கண்டுபிடிக்கப்பட்டு, எழுதப்பட்டவர்களில் பாதி' என்று படிப்பதே நியாயம். சேற்றுக் காயம் பட்டவர்களில் பாதி என்று படித்தால் அது வீண் பீதி.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இரத்தத்தில் கலந்துவிட்ட நிலைக்கு அந்த எண் கிட்டத்தட்டப் பொருந்தும். அந்தக் கட்டத்தில் இது சில நாட்களிலேயே ஆளைக் கவிழ்க்கும் நோய்.

உடம்பில் போகும் பாதை

கிருமி நுழைந்து சில நாட்களிலிருந்து ஒன்றிரண்டு வாரத்துக்குள் பொதுவாகத் தெரிந்துவிடும். காயம் பட்ட இடம் சிவந்து வீங்கும். சீழ்க் கொப்புளம் அல்லது புண் வரும். பக்கத்து நெறி கட்டும். இதுவரை எந்தச் சேற்றுக் காயத்துக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது. புண் ஊதா நிறத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நிறம் ஆய்வகத் தட்டில்தான் தெரியும்.

பிறகு கடுங்காய்ச்சல், குளிர் நடுக்கம், வயிற்று வலி. கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது என்று பொருள். அதற்கு ரொம்பப் பிடித்த இடம் கல்லீரல். அங்கே ஒன்றல்ல, பல சீழ்க்கட்டிகள் வரும். நுரையீரல், மண்ணீரல், தோல் என்றும் பரவும். காலில் ஒரு புண், வயிற்று ஸ்கேனில் கட்டிகள், ஓயாத காய்ச்சல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் மருத்துவரின் மனதில் வர வேண்டிய சில பெயர்களில் இது ஒன்று.

ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இது ஒட்டுவதாகத் தெரியவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் பயப்பட வேண்டாம்.

மருந்துக் கடை மாத்திரை ஏன் கேட்பதில்லை?

காயம் சீழ் பிடித்தால் நம் ஊரில் நடப்பது தெரிந்ததுதான். மஞ்சள் பொடி, காபித்தூள், அப்புறம் 'டிடி ஊசி'. அதற்கும் அடங்காவிட்டால் மருந்துக் கடையில் கேட்டு ஐந்து மாத்திரை.

டிடி ஊசி டெட்டனஸுக்கும் டிப்தீரியாவுக்கும் மட்டும். அதைப் போட்டுவிட்டால் காயம் 'செப்டிக்' ஆகாது என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். ஊதாக் கிருமி உட்பட, புண்ணில் சீழ் வைக்கும் எந்தக் கிருமியையும் அது தொடுவதில்லை. ஊசி வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் வேலை வேறு.

கடை மாத்திரை பெரும்பாலும் அமாக்சிசிலினோ செபிக்ஸிமோ ஆக இருக்கும். பென்சிலின், செபலோஸ்போரின் குடும்பங்களைச் சேர்ந்த இவற்றை உடைக்கும் நொதி ஊதாக் கிருமியிடம் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியின் கடைசி ஆயுதம் என்று பெயரெடுத்த கோலிஸ்டினும் இதனிடம் எடுபடாது. பொதுவாகக் கேட்பவை சிப்ரோபிளாக்சசின், கோ-டிரைமாக்சசோல், ஜென்டாமைசின், மெரோபெனம் போன்றவை. கவனியுங்கள், இதில் சில சாதாரண, விலை மலிந்த மருந்துகள். ஆக, மருந்து இல்லாமல் இறப்பதைவிடச் சரியான மருந்து நேரத்தில் தொடங்காமல் இறப்பதே இந்த நோயின் சோகம்.

இந்தப் பெயர்களைப் படித்துவிட்டுக் கடைக்குப் போய் நாமே வாங்கினால் அது இன்னொரு வம்பு. இரண்டு மாத்திரை போட்ட பிறகு கல்ச்சர் எடுத்தால் கிருமி வளராமல் போகலாம். உள்ளே கல்லீரலில் அது பாட்டுக்கு இருக்கும். காய்ச்சல் நின்ற பின்னும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் மருந்து தொடர வேண்டியிருக்கும். பாதியில் நிறுத்தியவர்களுக்குத் திரும்பி வந்த பதிவுகள் உண்டு.

ஆன்டிபயாடிக் கதையில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 1981-இல் மோனோபாக்டம் என்ற புதுவகை ஆன்டிபயாடிக்குகள் அறிவிக்கப்பட்டன. அவற்றில் ஒன்று கிடைத்தது இதே ஊதாக் கிருமியிடமிருந்து. அந்த வகையிலிருந்து உருவான அஸ்ட்ரியோனம் இன்றும் ஆஸ்பத்திரிகளில் ஊசியாகப் போகிறது.

ஆய்வகத் தட்டில் நடக்கும் மூன்று தவறுகள்

சீழையோ இரத்தத்தையோ கல்ச்சருக்கு அனுப்பினால், ஒன்றிரண்டு நாளில் தட்டில் கரு ஊதாப் புள்ளிகள் வரும். ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். அவ்வளவு எளிதான அடையாளம் இருந்தும் தவறு நடக்கிறது.

1. இது மண் கிருமி என்பதால், எங்கிருந்தோ தட்டில் வந்து விழுந்த தூசு என்று ஒதுக்கிவிடுவது.

2. நிறமே இல்லாத வகைகளும் உண்டு என்பதை மறப்பது. வெள்ளையாக வளரும் இவற்றை ஏரோமோனாஸ் போன்ற வேறு நீர்க்கிருமி என்று எழுதிவிட வாய்ப்பு அதிகம்.

3. ஆக்சிடேஸ் சோதனையில் குழம்புவது. கிருமியை ஒரு வேதிப்பொருளில் தேய்த்தால் ஊதா நிறம் வருகிறதா என்று பார்ப்பது அந்தச் சோதனை. ஏற்கெனவே ஊதாவாக இருக்கும் கிருமியில் எதைப் பார்ப்பது? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். வயோலசின் உருவாக ஆக்சிஜன் வேண்டும் என்பதால், காற்றில்லாமல் வளர்த்து, நிறமில்லாத கிருமியைச் சோதிக்கிறார்கள்.

எதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது?

*நிறம் மாறிய ஆறு.* திருப்பூர்ப் பக்கம் நொய்யல் ஒரு காலத்தில் ஊதாவும் சிவப்புமாக ஓடியது சாயக் கழிவு. ஊதாக் கிருமி தண்ணீரில் இருந்தாலும் தண்ணீர் நிறம் மாறாது. தெளிந்த தண்ணீர் என்பதால் கிருமி இல்லை என்பதும் கிடையாது.

*எலிக்காய்ச்சல்.* எலி, மாடு ஆகியவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீரில் வரும் லெப்டோஸ்பைரா கிருமியால் வருவது. வயல்காரர்களுக்கு ஊதாக் கிருமியைவிடப் பல மடங்கு சாதாரணமாக வரும் நோய். மருந்தும் வேறு, ஊதாக் கிருமியிடம் பலிக்காத பென்சிலின் இதற்குக் கேட்கும்.

*மெலியாய்டோசிஸ்.* இதுவும் மண்-தண்ணீர்க் கிருமி. 1911-12 வாக்கில் ரங்கூனில் கண்டறியப்பட்ட இந்த நோயும் கல்லீரல், மண்ணீரலில் கட்டி வைக்கும். சர்க்கரை நோயாளிகளை அதிகம் பிடிக்கும். ஒரு மதிப்பீட்டின்படி உலகில் ஆண்டுக்கு 1,65,000 பேருக்கு வருகிறது. சேற்றில் வேலை செய்யும் சர்க்கரை நோயாளி இரண்டில் எதைப் பற்றிக் கவலைப்படலாம் என்று கேட்டால், தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

*சூடோமோனாஸ்.* ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் விதைக் கிழங்கை நனைத்து நடும் உயிர் மருந்து சூடோமோனாஸ் புளோரசன்ஸ். ஆஸ்பத்திரிப் புண்ணில் வரும் சூடோமோனாஸ் வேறு இனம். ஊதாக் கிருமி இரண்டுமே இல்லை. ஆனால் அதற்கும் ஒரு விவசாயச் சொந்தக்காரர் இருக்கிறார்: குரோமோபாக்டீரியம் சப்ட்சுகே என்ற உறவுக் கிருமி அமெரிக்காவில் பூச்சிக்கொல்லியாக விற்பனையில் இருக்கிறது.

*குடிதண்ணீர்.* குளோரின் போட்ட தண்ணீரில் இந்தக் கிருமி தாக்குப்பிடிக்காது. குழாய்த் தண்ணீரை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை.

சேற்றுக் காயம் பட்டால்

வாய்க்காலில் இறங்காதே, வயலுக்குப் போகாதே என்று சொல்வது நடக்காத காரியம், தேவையும் இல்லை. மண்வெட்டியோ கண்ணாடிச் சில்லோ காலை வெட்டினால் அதே வாய்க்கால் தண்ணீரில் கழுவிவிட்டு வேலையைத் தொடர்வதுதான் வழக்கம். அதை மட்டுமாவது மாற்றலாம். குழாய்த் தண்ணீரும் சோப்பும் போட்டு, மண் போகும்வரை நன்றாகக் கழுவ வேண்டும். புண் ஆறும்வரை அந்தக் கால் சேற்றில் படாமல் இருப்பது நல்லது. முடியாதென்றால் ரப்பர் பூட்ஸ். பொடி எதையும் அப்ப வேண்டாம்.

அடுத்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், புண் ஆறிவிட்டது போலத் தெரிந்தாலும், மருத்துவரிடம் காயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'காய்ச்சல், வயிற்று வலி' என்று மட்டும் சொன்னால் அவர் டைபாய்டு, டெங்கு என்றுதான் தேடத் தொடங்குவார். 'பத்து நாளைக்கு முன்னால் வாய்க்காலில் கால் வெட்டுப்பட்டது' என்ற ஒரு வாக்கியம் தேடலின் திசையையே மாற்றிவிடும். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் இரத்தமும் சீழும் கல்ச்சருக்குப் போய்விட்டனவா என்று கேட்பதில் தவறில்லை. ஆள் மோசமாக இருந்தால் மாதிரியை எடுத்துக்கொண்டு உடனே மருந்தைத் தொடங்குவார்கள். விடைக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

நோயாளி குழந்தையாக இருந்து, கிருமி இதுதான் என்று உறுதியானால், பிழைத்து வீடு திரும்பிய பின் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. வெள்ளணுக்கள் ஆக்சிஜன் நஞ்சைத் தயாரிக்கின்றனவா என்று பார்க்கும் 'டிஹெச்ஆர்' என்ற இரத்தப் பரிசோதனை உண்டு. அடிக்கடி சீழ்க்கட்டி, நெறிக்கட்டு, நிமோனியா என்று முன்பே அவதிப்பட்ட குழந்தை என்றால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. குறை தெரிந்தால் தொடர்ந்து தடுப்பு மருந்து கொடுக்கலாம். தகுந்தவர்களுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றம் நிரந்தரத் தீர்வாகவும் அமையும். அந்தக் குழந்தையின் தம்பி தங்கைகளுக்கும், அம்மா வழியில் பிறந்த ஆண் பிள்ளைகளுக்கும், அவர்கள் இன்று நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும், அதே பரிசோதனையை எடுத்துவிட வேண்டும்.